ஒரு தட்டு, ஒரு ஆள்

அந்தப் பிள்ளைக்கு அப்போது ஒன்பது வயது. அப்பளம் என்றால் உயிர். மலேசியாவின் ஈப்போ நகரில் அவள் அத்தா, அதாவது அப்பா, நடத்தும் சாப்பாட்டுக் கடையில் மதிய நேரத்தில் மேசை மேசையாக நடப்பாள். யார் தட்டில் அப்பளம் முழுசாக இருக்கிறதோ அங்கே நிற்பாள். கை நீளும். ஒரு நொறுக். அடுத்த மேசை. மீன் தலைக் கறியைத் தொட மாட்டாள், கோழியைத் தொட மாட்டாள். அப்பளம் மட்டும்தான்.

வாடிக்கையாக வருகிறவர்கள் சிரித்துக்கொண்டார்கள். ஒரு சீன அங்கிள் அவளுக்காகவே தினமும் ஒரு அப்பளம் கூடுதலாகக் கேட்டு வாங்கித் தட்டின் ஓரத்தில் வைத்திருப்பார். புதிதாக வந்த ஒரு பெண் மட்டும் சிரிக்கவில்லை. கைப்பேசியை எடுத்துப் படம் பிடித்தாள். அன்று மாலைக்குள் அந்தப் படம் பல வாட்ஸ்அப் குழுக்களைச் சுற்றிவிட்டு அத்தாவின் கைப்பேசிக்கே வந்து சேர்ந்தது. கீழே யாரோ எழுதியிருந்தார்கள்: வளர்த்த லட்சணம்.

மறுநாள் அத்தாவும் அவர் மனைவியும் எங்கள் மையத்துக்கு வந்தார்கள். டயர் கடைக்கு மேலே, முதல் மாடியில் இருக்கும் சிறிய மையம் அது. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு அங்கே நான் ஆசிரியை. அந்தப் பிள்ளை காலை நேரத்தில் என்னிடம்தான் இருந்தாள்.

"ரெண்டு மாசம் பாப்போம் டீச்சர்," என்றார் அத்தா. "சரிப்படலன்னா எங்க லாத்தா வீட்டுல கொண்டுபோய் விட்டுருவேன். ஹுத்தான் மெலிந்தாங்ல பெரிய வீடு. சுத்தி வேலி, பெரிய கேட்டு. பயமில்ல."

லாத்தா என்றால் அவர்கள் வழக்கில் அக்கா.

"கேட்டு எதுக்கு? அவ என்ன ஆடா?" என்றார் பிள்ளையின் அம்மா.

"நான் அப்படியா சொன்னேன்?"

"வேற எப்படிச் சொன்னீங்க?"

பிள்ளையின் அம்மா கைப்பையின் வாரை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தார். கடையின் சமையற்கட்டு அவர் பொறுப்பு. மதியம் வீட்டில் யாரும் கிடையாது. பிள்ளை கடையில் இருக்க வேண்டும், இல்லையென்றால் ஒன்றரை மணி நேரப் பயணத் தூரத்தில், நாத்தனார் வீட்டில் இருக்க வேண்டும். கிளம்பும்போது அவர் மட்டும் படியில் திரும்பி நின்றார். "டீச்சர், எப்படியாவது எழுதிக் குடுங்கலா," என்றார்.

எழுதிக் கொடுப்பதுதான் என் வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. சோஷல் ஸ்டோரி என்று பயிற்சியில் சொல்லிக்கொடுத்தார்கள். பிள்ளை தானே பேசுவதுபோல எட்டுப் பத்து வரியில் ஒரு கதை. பக்கத்துக்கு ஒரு வாக்கியம், ஒரு படம். 'செய்யாதே' என்று அதட்டக் கூடாது. ஒரு இடத்தில் என்ன நடக்கும், மற்றவர்களுக்கு அப்போது எப்படி இருக்கும், நான் என்ன செய்யலாம் என்று பொறுமையாகச் சொல்லவேண்டும். படங்கள் பிள்ளையின் சொந்த இடத்திலேயே எடுத்தவையாக இருந்தால் நல்லது. பிளாஸ்டிக் உறையில் பக்கங்களைப் போட்டு, வளையத்தில் கோத்து, தினமும் படிக்கவேண்டும். சில பிள்ளைகளுக்கு இது ஒன்றும் செய்யாது. சில பிள்ளைகள் முதல் நாளே பக்கத்தைக் கடிப்பார்கள். ஆனால் எழுத்தை நம்பும் பிள்ளைகள் சிலர் இருக்கிறார்கள். இவள் அப்படி. கதவில் 'தள்ளு' என்று எழுதியிருந்தால், திறந்து கிடக்கும் கதவைக்கூடத் தள்ளிவிட்டுத்தான் உள்ளே போவாள்.

நன்றாக எழுதுவேன் என்று எனக்குப் பெருமை உண்டு. அதை மறைக்க நான் கற்றுக்கொள்ளவில்லை. பத்து காஜா என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் என் அப்பாவும் அம்மாவும் பால் வெட்டினார்கள். அப்பா மூன்றாம் வகுப்போடு நின்றவர். அம்மா பள்ளிக்கே போகவில்லை. அவர் தாய் வெட்டுக்காட்டுக்குப் போனபோது தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஒரு ஆள் தேவைப்பட்டது. எங்கள் குடும்பத்தில் படித்து முடித்துப் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அந்தத் தோட்டம் இப்போது செம்பனைத் தோட்டமாகிவிட்டது. நாங்கள் ஈப்போவில் ஒரு மாடி வீட்டுக்கு வந்துவிட்டோம். வாசற்கதவைத் திறந்ததும் என் பட்டமளிப்புப் படம்தான் கண்ணில் படும். கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவருக்குக்கூட அம்மா அதைக் காட்டியிருக்கிறார்.

படம் எடுக்கக் கடைக்குப் போனேன். மதியக் கூட்டம் கலைந்திருந்தது. தட்டு, மேசை, நாற்காலி, அப்பளம் அடுக்கிய கண்ணாடிப் பெட்டி, சமையற்கட்டு வாசலில் நிற்கும் பிள்ளையின் அம்மா, எல்லாவற்றையும் எடுத்தேன். பிள்ளைக்கென்று ஒரு நீலத் தட்டு வாங்கிவைக்கச் சொன்னேன். அன்று மாலை வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதினேன்.

இது என் அத்தாவின் கடை. இங்கே நிறைய பேர் சாப்பிட வருவாங்க. அவங்களுக்குப் பசிக்கும். எனக்கு அப்பளம் பிடிக்கும். அது நொறுங்குற சத்தம் பிடிக்கும்.

இதுவரை எளிதாக வந்தது. அடுத்த வரிதான் முக்கியம். குட்டியாக, வாயில் நிற்பதாக இருக்கவேண்டும். என் அம்மா குளிர்சாதனப் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். சிறு வயதில் அம்மா எங்களுக்குச் சொல்வது ஞாபகம் வந்தது. தோட்டத்தின் லயத்து வீட்டில் எனக்கும் அண்ணனுக்கும் தனித்தனித் தட்டு. ஒருவர் தட்டில் ஒருவர் கை வைத்தால் அம்மாவின் கரண்டி புறங்கையில் விழும். "எச்சி! ஒரு தட்டு, ஒரு ஆள்!" எச்சில் என்ற சொல்லை விட்டுவிட்டு மீதியை அப்படியே எழுதினேன்.

ஒரு தட்டு, ஒரு ஆள். அப்பளம் வேணும்னா நான் அம்மாகிட்ட கேப்பேன். அம்மா என் நீலத் தட்டுல வைப்பாங்க. அது என் அப்பளம்.

முதல் வாரம் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாம் வாரம் அவள் ஒரு மேசைக்குப் பக்கத்தில் போய் நின்றாள். கை பாதி வழி வந்தது. "ஒரு தட்டு, ஒரு ஆள்," என்று உரக்கச் சொன்னாள். கையை மடக்கிக்கொண்டு சமையற்கட்டுக்கு ஓடினாள். பிள்ளையின் அம்மா அந்த மதியமே எனக்குக் குரல் பதிவு அனுப்பினார். வாணலிச் சத்தத்துக்கு நடுவே பாதி அழுகை, பாதி சிரிப்பு. அதை நான் நாலு முறை கேட்டேன். பிறகு என் அம்மாவுக்குப் போட்டுக்காட்டினேன்.

ஒரு மாதத்துக்குள் கடையில் அந்த வாக்கியம் பிரபலமாகிவிட்டது. ரொட்டி சானாய் போடுகிற அண்ணன், தன் டீயை யாராவது எடுத்தால் "ஒரு கிளாஸ், ஒரு ஆள்" என்று கத்துவாராம். சீன அங்கிளுக்கு மட்டும் வருத்தம். அவர் நீட்டும் அப்பளத்தை அவள் வாங்க மறுத்தாள். உங்கள் கதைக்கு என்மேல் என்ன கோபம் என்று என்னிடம் மலாயில் கேட்டார்.

இன்னொன்றும் நடந்தது. ஒரு நாள் கல்லூரி மாணவர்கள் இரண்டு பேர் ஒரே தட்டு மீ கோரேங் நூடுல்ஸைப் பகிர்ந்து சாப்பிட்டிருக்கிறார்கள். இவள் அவர்கள் முன்னால் நின்று, "ஒரு தட்டு, ஒரு ஆள்" என்று விரலை ஆட்டினாளாம். அவர்கள் பயந்துபோய் இன்னொரு தட்டு கேட்டார்களாம். இதைக் கேட்டு நான் விழுந்து விழுந்து சிரித்தேன். மற்ற ஆசிரியைகளுக்குச் சொல்லியும் சிரித்தேன். அப்போதே யோசித்திருக்கவேண்டும்.

இரண்டாம் மாதம் முடிய ஒரு வாரம் இருந்தபோது ஹுத்தான் மெலிந்தாங்கில் விருந்து. லாத்தாவின் பேரனுக்குப் பெயர் வைக்கிறார்கள். திங்கட்கிழமை காலை அத்தா தனியாக மையத்துக்கு வந்தார். நாற்காலியில் உட்காராமல் நின்றார்.

"டீச்சர், உங்க மேல தப்பு சொல்ல வரல," என்று தொடங்கினார். அப்படித் தொடங்கினால் தப்பு என்னுடையது என்று எனக்குத் தெரியும்.

அவர்கள் குடும்பத்தில் விருந்து என்றால் சஹன். பெரிய வட்டத் தாம்பாளத்தில் நெய்ச்சோறும் இறைச்சியும் வைத்து, அதைச் சுற்றி நாலு நாலு பேராகத் தரையில் உட்கார்ந்து, ஒரே தாம்பாளத்தில் கை வைத்துச் சாப்பிடுவார்கள். ராமநாதபுரத்துப் பக்கத்திலிருந்து அவர் தாத்தா கப்பலேறியபோதே கூட வந்த பழக்கம். பிள்ளை சின்ன வயதில் அம்மா மடியில் உட்கார்ந்து ஊட்டிவிட்டதைச் சாப்பிட்டவள். இந்த முறைதான் பெரியவளாகத் தனி இடம் போட்டு, அவளுக்கு மாமியான லாத்தாவுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். அவள் தாம்பாளத்தைப் பார்த்தாள். நாலு கைகளைப் பார்த்தாள். மாமியின் கையைப் பிடித்து வெளியே தள்ளினாள்.

"ஒரு தட்டு, ஒரு ஆள்!"

வீடு நிறைய விருந்தாளிகள். மாமி சோற்றுக் கையோடு அப்படியே இருந்தாராம். பிறகு கேட்டாராம், "என் கை இவளுக்கு எச்சிலாயிருச்சா?"

நான் எழுதாமல் விட்ட சொல். அது எப்படியோ அந்த வாக்கியத்தோடு ஒட்டிக்கொண்டு அந்த வீடு வரைக்கும் போய்விட்டது.

"நாங்க ஒரே சஹன்ல சாப்பிடுறவங்க டீச்சர்," என்றார் அத்தா. "லாத்தாதான் என்னைய வளத்தது. 'உங்க டீச்சர் பிள்ளையக் கெடுத்து வச்சிருக்கா, என்கிட்ட விடு, நான் பழக்குறேன்'னு சொல்லுது. என்னால எதுத்துப் பேச முடியல." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "நோன்புக்கு இன்னும் நாலு வாரம் இருக்கு. மொத வெள்ளிக்கெழமை எல்லாரும் லாத்தா வீட்டுலதான் நோன்பு தொறப்போம். அதுவரைக்கும் டைம் கேட்டிருக்கேன்," என்றார்.

அன்று முழுவதும் எனக்குக் கோபம். முதலில் லாத்தா மேல். மதியத்துக்குப் பிறகு என் மேல். படம் எடுக்க அந்தக் கடைக்கு மூன்று முறை போயிருக்கிறேன். தட்டை அளந்து எடுத்திருக்கிறேன். 'உங்க வீட்டுல எப்படிச் சாப்பிடுவீங்க அக்கா?' என்று ஒரு முறையும் கேட்கவில்லை. எல்லார் வீட்டிலும் என் அம்மாவின் கரண்டி இருக்கிறது என்று நினைத்துவிட்டேன்.

இரண்டாம் கதைக்குப் படம் வேண்டும். அதற்கு அந்த வீட்டுக்கே போகவேண்டும். ஞாயிற்றுக்கிழமை, கடை வேனை ஓட்டிக்கொண்டு பிள்ளையின் அம்மா என்னைக் கூட்டிப்போனார். தெலுக் இந்தான் வரைக்கும் அவர் கடையைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார். அதைத் தாண்டியதும் ஜன்னலைத் திறந்தால் மீன் வாடை வந்தது.

லாத்தா வாசலிலேயே நின்றார். "நீதான் அந்த டீச்சரா? சின்னப் புள்ளையால்ல இருக்கே!"

"தப்பு என்னுது மாமி," என்றேன்.

"பெரிய படிப்புப் படிச்சியே, எங்களை ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேக்கல மாமி."

அவர் இன்னும் நிறையப் பேசத் தயாராக வந்தவர்போல இருந்தார். நான் உடனே ஒத்துக்கொண்டதும், "சரி, உள்ள வா. வெயில்ல நிக்காத," என்றார்.

சஹனைப் படம் பிடிக்கவேண்டும் என்றதும் அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. வெறும் தாம்பாளத்தைக் காட்டுவது மரியாதை இல்லையாம். சோறு வந்தது, இறைச்சி வந்தது. அவர், மருமகள், பிள்ளையின் அம்மா என்று மூன்று பேர் உட்கார்ந்தார்கள். நாலாவது இடம் காலியாக இருந்தது.

"உக்காரு," என்றார் என்னைப் பார்த்து.

"நான் படம் எடுக்கணும் மாமி."

"ஒரு கையில எடு, ஒரு கையில சாப்பிடு. ஆட்டுக்கறிதான், வேற ஒண்ணும் இல்ல. கையப் போடு புள்ள, கடிக்காது."

உட்கார்ந்தேன். இருபத்தேழு வயதில் முதல் முறையாக இன்னொருவர் கை படும் தாம்பாளத்தில் கை வைத்தேன். முதல் கவளம் தொண்டையில் சற்று நின்றது உண்மை. மூன்றாவது கவளத்தில் நெய்ச்சோறு ஜெயித்துவிட்டது. லாத்தா இறைச்சியைப் பிய்த்து ஆளுக்கொரு துண்டாகத் தள்ளிவைத்தார். எனக்குப் பெரிய துண்டு. இடது கையால் கைப்பேசியைப் பிடித்து எடுத்துக்கொண்டே சாப்பிட்டேன்.

திரும்பி வரும் வழியில் வேனில் படங்களைத் தள்ளிப் பார்த்துக்கொண்டு வந்தேன். பாதி சாப்பிட்டபோது எடுத்த ஒரு படத்தில் விரல் நின்றது. தாம்பாளத்தில் நாலு பள்ளங்கள். ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு பள்ளம். நடுவே, யாரும் தொடாமல், வரப்புபோலச் சோறு எழுந்து நின்றது.

"அக்கா, நீங்க யாரும் அடுத்தவங்க பக்கம் எடுக்க மாட்டீங்களா?"

"ச்சே, எப்படி எடுக்கிறது? அவங்கவங்க முன்னாடி உள்ளதத்தான் எடுக்கணும். அடுத்தவங்க பக்கம் கை போனா வீட்டுல அடி விழும்," என்றார். சற்று நேரம் கழித்து அவரே வேனைச் சாலை ஓரமாக நிறுத்தினார். "காட்டுங்க அந்தப் படத்த," என்றார்.

பிள்ளை பிடித்துக்கொண்டிருந்த விதி அந்தத் தாம்பாளத்திலும் இருந்தது. தினம் அதில் சாப்பிடுகிறவர்கள் அதைச் சொல்வதில்லை. அவ்வளவுதான்.

அந்தப் படத்தையே முதல் பக்கமாக வைத்தேன். இது சஹன். இது பெரிய தட்டு. சஹன்ல நாலு பக்கம் இருக்கு. ஒரு பக்கம், ஒரு ஆள். என் முன்னாடி இருக்கிறது என் பக்கம். மாமி கறியப் பிச்சு என் பக்கம் வைப்பாங்க. அது மாமியோட பிரியம். இந்த முறை அச்சடிப்பதற்கு முன் லாத்தாவுக்கு அனுப்பினேன். 'பிரியம் எல்லாம் சரி. என் கை படத்துல ரொம்பக் கறுப்பா இருக்கு' என்று குரல் பதிவு வந்தது.

மூன்று வாரம் கடையில் ஒரு தாம்பாளத்தை வைத்துக்கொண்டு பழகினோம். முதலில் அம்மாவும் பிள்ளையும். பிறகு நானும். பிள்ளை விரலால் சோற்றில் கோடு கிழித்துவிட்டுத்தான் தொடங்குவாள். சில நாள் கோட்டைக் கிழித்துக்கொண்டே இருந்தாள், சாப்பிடவில்லை.

முதல் வெள்ளிக்கிழமை என்னையும் அழைத்திருந்தார்கள். பேரீச்சம்பழமும் கஞ்சியும் எடுத்து வைத்துக் காத்திருந்தோம். பாங்கு ஒலித்ததும் பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு பின்கட்டுக்கு ஓடினாள். அவள் அம்மா பாதி எழுந்தார். ஆனால் எல்லோரும் கஞ்சி குடித்து, தொழுகை முடித்து வருவதற்குள் அவளே வந்து புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள்.

பெண்கள் பக்கத்தில் எங்கள் சஹனில் லாத்தா, பிள்ளையின் அம்மா, பிள்ளை, நான். பிள்ளை கோடு கிழித்தாள். "என் பக்கம்," என்றாள். லாத்தா இறைச்சியைப் பிய்த்தார். கை பிள்ளையின் பக்கம் போனது. பிள்ளை அந்தத் துண்டை உற்றுப் பார்த்தாள்.

"மாமி பிரியம்," என்றாள். அதைத் தொடாமல், சுற்றியிருந்த சோற்றை மட்டும் சாப்பிட்டாள்.

"பிரியத்தத் திங்க மாட்டாளாமா?" என்றார் லாத்தா. பக்கத்துச் சஹனில் இருந்தவர்கள்வரை சிரித்தார்கள்.

சாப்பாடு முடியும் நேரம். பேச்சு சுவாரசியத்தில் லாத்தாவின் விரல், பிள்ளையின் பக்கம் கிடந்த பொரித்த வெங்காயத்துக்குப் போனது. பிள்ளை கையைப் பிடிக்கவில்லை. தள்ளவில்லை. கோட்டைத் தொட்டுக் காட்டினாள்.

"மாமி பக்கம் அங்க."

எல்லோரும் லாத்தாவைப் பார்த்தோம். அவர் தன் விரலைப் பார்த்தார். கோட்டைப் பார்த்தார். அவருடைய மருமகள் அடுத்த சஹனிலிருந்து, "பிள்ள சொல்றது சரிதானே மாமி," என்றாள்.

"சரிதான்லா, யாரு இல்லைன்னா!" என்று லாத்தா கையை இழுத்துக்கொண்டார். முகத்தில் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. "எங்க உம்மா இப்படித்தான் என்னைய அதட்டும்."

கிளம்பும்போது வாசலில் தம்பியைக் கூப்பிட்டார். "இவள இங்க வச்சு நான் என்னடா செய்ய? எனக்கே பக்கம் சொல்லித் தாரா. கூட்டிட்டுப் போ. வெள்ளிக்கெழமைக்கு மட்டும் கொண்டா, போதும்."

"அப்ப கேட்டு?" என்று அத்தா கேட்டார். விளையாட்டாகத்தான்.

"கேட்டுக்கு ஒரு ஆட்ட வாங்கி விட்டுக்கிறேன். நீ போ."

பிள்ளையின் அம்மா குனிந்து மகளுக்குச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். மாட்டி முடித்த பிறகும் அவர் கை அந்தச் சின்னக் காலின் மேலேயே கொஞ்ச நேரம் இருந்தது.

இப்போது எந்தக் கதை எழுதும் முன்னும் அந்த வீட்டில் போய் ஒரு வேளை சாப்பிடுகிறேன். என் அம்மா இதை இன்னும் முழுதாக ஏற்கவில்லை. "எல்லார் வீட்டுலயும் கை நனைக்கிற வேலைக்கா உன்னப் படிக்க வச்சேன்?" என்பார். ஆனால் அந்த நாலு பள்ளப் படத்தைப் பெரிதாக அச்சடிக்கச் சொல்லி வாங்கி, என் பட்டமளிப்புப் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்ததும் அவர்தான்.

கடைப் புத்தகத்தில் பிறகு ஒரு பக்கம் சேர்த்தேன். சீன அங்கிள் அப்பளத்தை நீட்டிக்கொண்டிருக்கும் படம். அதற்கென்று சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். கீழே ஒரு வரி: அங்கிள் குடுத்தா வாங்கிக்கலாம். அவள் அதைப் படித்த மறுநாள் மதியம் அவர் மேசைக்குப் போய்க் கையை நீட்டாமல் நின்றாள். அவர் கொடுத்தார். நீலத் தட்டில் வாங்கிக்கொண்டாள். கடை முழுக்கக் கேட்கும்படி நொறுக்கினாள்.